மரக்கன்று நடுவது மட்டுமா? ‘சூழல் நீதி’ என்ற பாடத்தை டெல்டாவில் வைத்துப் புரிந்துகொள்வோம்

கல்லூரி அறிவிப்புகளிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் ‘சூழல் நீதி’, ‘நிலைத்த வளர்ச்சி’, ‘அனைவரையும் உள்ளடக்கிய கல்வி’, ‘சமூக விரிவாக்கம்’ என்று நான்கு சொற்கள் இப்போது சேர்ந்தே வருகின்றன. படிப்பவருக்கு இவை நான்கும் மரக்கன்று நடுவதற்கான வேறு வேறு பெயர்கள் என்று தோன்றினால் அவர் மேல் குற்றம் இல்லை. பல இடங்களில் அப்படித்தான் முடிகிறது. ஆனால் இவற்றுக்குத் தனித்தனிப் பொருள் உண்டு. சில நேரம் ஒன்றோடு ஒன்று இடிக்கவும் செய்யும். காவிரி டெல்டாவில் வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

## சொற்களின் பொருள்

நிலைத்த வளர்ச்சிக்கு 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் கொடுத்த விளக்கம்தான் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. வரும் தலைமுறையின் தேவைகளுக்குக் கேடு வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது. இது இன்றைக்கும் நாளைக்கும் இடையிலான கணக்கு.

சூழல் நீதி என்பது இன்றைக்கு இருப்பவர்களுக்குள்ளேயே போடும் கணக்கு. 1982இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொட்டுவதற்கு வாரன் கவுண்டி என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். அவர்கள் லாரிகளை மறித்துச் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். மண்ணைக் கொட்டுவதை நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு கேள்வி பிறந்தது: கழிவு எல்லோரும் சேர்ந்து உண்டாக்குவது, அது ஏன் எப்போதும் சிலர் வீட்டுப் பக்கமே போய்ச் சேர்கிறது? அந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பங்கீடு: நன்மை யாருக்கு, கேடு யாருக்கு?
2. நடைமுறை: முடிவு எடுத்த இடத்தில் பாதிக்கப்படுபவர் இருந்தாரா? அவருக்குப் புரியும் மொழியில் பேசினார்களா?
3. அங்கீகாரம்: அவர் சொன்னதைத் தகவல் என்று எழுதிக்கொண்டார்களா, புலம்பல் என்று ஒதுக்கினார்களா?

மூன்றாவதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். டெல்டாவில் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

## டி.எம்.சி.யில் தொடங்கி ‘மா’ வரை

காவிரிப் பிரச்சினை என்றதும் இரண்டு மாநிலங்களின் சண்டை நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு மிகத் துல்லியமானது. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 404.25 ஆக்கியது. அதன்படி மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மாதவாரிக் கணக்கும் உண்டு.

பங்கு குறைந்ததற்கு ஒரு காரணம், டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்தில் இருப்பவருக்கு இது கசப்பான வேடிக்கை. அங்கே பல ஊர்களில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர்.

சரி, தண்ணீர் மேட்டூருக்கு வந்துவிட்டது. 1934 முதல் இருக்கும் அந்த அணை 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. பிடிக்கும். வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். பிறகு ஆற்றிலிருந்து ‘ஏ’ வாய்க்கால், ‘பி’ வாய்க்கால் என்று இறங்கி ‘சி’, ‘டி’ வரை போகும். பெரியவற்றை நீர்வளத்துறை பார்த்துக்கொள்கிறது. ‘சி’, ‘டி’ வாய்க்கால்களைப் பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறை தூர்வாருகிறது. அதற்கும் கீழே வாய்க்காலே கிடையாது, வயல் விட்டு வயல் பாயும்.

பிலிகுண்டுலுவில் தசமப் புள்ளிக்கு அப்பால் இரண்டு இலக்கம் வரை அளக்கிறோம். கடைசி மா நிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதற்குக் கணக்கே இல்லை. (நூறு குழி ஒரு மா, சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி.) மேல் மாநிலத்தைப் பார்த்து நாம் கேட்கும் அதே கேள்வியைத் தலைமடையைப் (வாய்க்காலின் தொடக்கப் பகுதி) பார்த்துக் கடைமடை (அதன் கடைசிப் பகுதி) கேட்கலாம், கடைமடையிலேயே பட்டாதாரரைப் பார்த்துக் குத்தகைதாரரும், இருவரையும் பார்த்து நடவு நடும் பெண்ணும் கேட்கலாம். சூழல் நீதி டெல்டாவுக்கு இறக்குமதியான சரக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாதிப்பு எப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று பாருங்கள். பட்டாவும் மின் இணைப்போடு போர்செட்டும் உள்ளவர், ஆறு வருவதற்கு முன்பே நாற்றங்கால் விட்டுவிடுவார். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் இணைப்பு இருப்பவருக்குத்தான் இலவசம். வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு மழையில் பயிர் மூழ்கினால் நிவாரணமும் காப்பீடும் எளிதில் கிடைக்காது, அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் அவர் பெயர் இருக்காது. குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே தனிச் சட்டம் வந்தது. இன்றும் ஏராளமான குத்தகை வாய்ச்சொல்லிலேயே நடக்கிறது. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்ணுக்கோ நிவாரணப் படிவத்தில் கட்டமே இல்லை. பயிர்ச்சேதத்தை ஏக்கர் கணக்கில் எழுதுகிறார்கள், போன வேலைநாளை யாரும் எழுதுவதில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்து செத்தது இந்த மண்ணில்தான், கூலித் தகராறின் தொடர்ச்சியாகத்தான். நிலமும் சாதியும் கூலியும் இல்லாமல் டெல்டாவின் சுற்றுச்சூழலைப் பாடமாக எழுதினால் அது பாதிப் பாடம்.

## நிலைத்தன்மையும் நீதியும் இடிக்கும் இடம்

நல்ல எடுத்துக்காட்டு ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் காற்றுப் புகாது; அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். வயலை அவ்வப்போது காயவிட்டால் மீத்தேனும் குறையும், தண்ணீரும் மிச்சம். இதற்குத் துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி பாய்ச்சச் சொல்கிறார்கள். அறிவியல் சரி. விவசாயிகளுக்கும் அந்தச் சொல் பழகியதுதான்.

ஆனால் காயவிட்ட வயலுக்கு, வேண்டிய நாளில் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதி யாருக்கு இருக்கிறது? போர்செட் வைத்திருப்பவருக்கு. முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருமோ என்று காத்திருக்கும் கடைமடைக்காரர், வந்ததைத் தேக்கித்தான் வைப்பார். வயல் விட்டு வயல் பாயும் இடத்தில் கீழ் வயல்காரர் காயவிட நினைத்தாலும் மேல் வயல் வடிந்து வந்து நிரப்பிவிடும். கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். வயலைக் காயவிட்டால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும்.

ஆக, மீத்தேனைக் குறைத்ததற்கு ஊக்கத்தொகை தரும் திட்டம் ஒன்று வந்தால், பணம் தண்ணீர் கையில் உள்ளவருக்கே போகும். திட்டம் தப்பு என்று சொல்லவில்லை. ‘நிலைத்தது’ என்று சான்று கொடுத்துவிட்டால் ‘நியாயமானது’ என்று ஆகிவிடாது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவரை உருவாக்கினால் பாடம் ஜெயித்தது என்பேன்.

## அளவீடும் சாட்சியும் சேர்ந்தபோது: இறால் வழக்கு

1990களில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. உப்புநீரைக் குளத்தில் தேக்குவார்கள். பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உவர்க்கும். கழிவுநீர் ஓடையில் இறங்கும். வயல் பண்ணையானால் நடவு, அறுப்பு வேலையும் போகும். கிராம சுயராஜ்ய இயக்கத்தின் சார்பில் காந்தியரான எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். அவரும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் ‘லாஃப்டி’ அமைப்பின் மூலம் நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் ஏற்கெனவே இருந்தவர்கள்.

நீதிமன்றம் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தைக் களத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கியது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. விளைநிலத்தைப் பண்ணையாக்கத் தடை விதித்தது. கெடுத்தவரே ஈடு செலுத்த வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் நிலைநாட்டிய கொள்கை அது. பிறகு 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து, பதிவு பெற்ற கடலோரப் பண்ணைகளுக்கு வழி திறந்தது. அதனால் இதை முழு வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வகுப்புக்கு இதில் வேண்டியது வேறு ஒன்று. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையும் கிடைத்த பிறகு அந்தச் சொல் நீதிமன்றத்தில் எடுபட்டது. ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் என்று டெல்டாவில் கருவிக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை.

## இப்போது என்ன சொல்லித்தருகிறார்கள்?

இந்தியாவில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானதே ஒரு வழக்கால்தான். எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் பள்ளி, கல்லூரிப் பாடம் மட்டும் இல்லை. சினிமாக் கொட்டகைகளில் ஸ்லைடு போட வேண்டும் என்றும் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் எல்லா இளநிலை மாணவருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. மொத்தம் 50 வகுப்புகள். அதில் களப்பணிக்கு ஒதுக்கியது 5 வகுப்பு நேரம். தேர்வில் களப்பணிக்கு 25 மதிப்பெண். அந்த 25 எப்படி வந்து சேரும் என்பது கல்லூரிக்குப் போன யாருக்கும் தெரியும்: போன வருஷத்து ரெக்கார்டு நோட்டு, அட்டை மட்டும் புதுசு. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு 2023இல் மானியக் குழு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டு, பாடத்தை 4 கிரெடிட்டாக்கியது. இடம் கூடியிருக்கிறது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு களவகுப்பு இப்படி இருக்கலாம். ஒரு ‘பி’ வாய்க்காலைத் தேர்ந்தெடுத்து, தலைப்பு மதகிலிருந்து கடைசி வயல் வரை நடப்பது. முதல் மதகில் திருகு கிரீஸ் போட்டு வழவழப்பாக இருக்கும், மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் சாவியோடு நிற்பார். மூன்றாவது மதகில் பலகையைக் காணோம். வைக்கோலும் மண் அடைத்த உரச்சாக்கும் வைத்து அடைத்திருப்பார்கள். கடைசி வயலில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நாற்றின் நுனி கருகியிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் இ.சி. மீட்டரால் தண்ணீரின் உப்புநிலையை அளந்து எழுதலாம். மண்ணையும் கொஞ்சம் அள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப்போகலாம். மண்ணின் உப்புநிலை மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸை (உப்புநிலையைச் சொல்லும் அலகு) தாண்டினால் நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. கூடவே இன்னும் நான்கு விவரம் எழுத வேண்டும்: நிலம் யார் பெயரில், உழுவது யார், நடுவது யார், போன வருஷம் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது. உப்பளவுக்குப் பக்கத்தில் இந்த நான்கும் ஏறினால் அந்தப் பக்கம் சூழல் நீதிப் பாடம். உப்பளவு மட்டும் இருந்தால் வேதியியல் செய்முறை.

## ‘உள்ளடக்கிய’ என்றால் சேர்க்கை மட்டும்தானா?

இடஒதுக்கீட்டால் டெல்டாக் கல்லூரிகளில் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறையவே படிக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. உள்ளே வருவது ஓரளவு நடந்திருக்கிறது. உள்ளே வந்த பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும்.

1. மொழி. விவசாயி ‘உவர்’ என்பதும் ‘களர்’ என்பதும் வேறு வேறு. உவரில் கரையும் உப்பு. நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் போகும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சம் போட வேண்டும். இந்த வேறுபாட்டைத் தமிழில் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த மாணவி, ஆங்கிலப் பாடத்தில் அதையே மனப்பாடம் செய்து தப்பாக எழுதுகிறாள். அவளுக்குத் தெரிந்ததையே அவளுக்குத் தெரியாததாக்கிவிடுகிறோம்.

2. செலவு. பிச்சாவரத்துக்கு வேன் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அன்றைக்கு யாருக்கெல்லாம் ‘காய்ச்சல்’ வரும் என்று ஆசிரியருக்குத் தெரியும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் போகும் வழியிலேயே வாய்க்கால் இருக்கிறது. வரப்பில் நடக்க முடியாத மாணவருக்கு ஆற்றங்கரைச் சாலையிலேயே மதகுகள் இருக்கின்றன.

3. யார் ஆசிரியர்? நடவுப் பெண்ணையும் லஸ்கரையும் வகுப்புக்குக் கூப்பிட்டு, வெளியூர்ப் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தர வேண்டும். பாரம்பரிய நெல் விதைகளைச் சேகரித்த ‘நெல்’ ஜெயராமன் ஆதிரங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவுக்கு விவசாயிகள் திரண்டது விதைக்காக. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும் பல்கலைக்கழகத்துக்கு வெளியில்தான். அறிவு வெளியே கூட்டம் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே ரெக்கார்டு நோட்டு நிரம்பிக்கொண்டிருந்தது.

## விரிவாக்கம்: தாள் ஊருக்குத் திரும்புகிறதா?

கல்லூரி தன் அறிவையும் உழைப்பையும் ஊருக்குக் கொண்டுபோவதைத்தான் சமூக விரிவாக்கம் என்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான் 2014இல் வந்தது. முகாம் போடுவதும் கிராமத்தைத் தத்தெடுப்பதும் புதிதல்ல. பெரும்பாலும் ஊரிலிருந்து தகவல் கல்லூரிக்குப் போகும், அங்கேயே தங்கிவிடும். அந்தத் தகவல் ஊருக்கு எங்கே பயன்படும் என்று சட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்கு முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம்தான் உள்ளூர் மொழியில் கட்டாயம். பல நூறு பக்க முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த 30 நாளில் அதைப் படித்து, ஊர்க் கிணறுகளைப் பற்றிய அத்தியாயத்தைத் தமிழில் சொல்லித்தர ஒரு துறை முன்வந்தால், அதுதான் விரிவாக்கம். 2020இல் இந்த அறிவிக்கையின் புதிய வரைவைப் பிற மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மொழிச் சிக்கல் எவ்வளவு ஆழம் என்று புரியும்.

அதே 2020 ஜனவரியில் வந்த ஒரு திருத்தம், எண்ணெய், எரிவாயுத் தேடும் கட்டத்துக்குக் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்றாக்கியது. அடுத்த மாதமே தமிழ்நாடு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய்க் கிணறு, நிலக்கரிப் படுகை மீத்தேன், தோல் தொழிற்சாலை போன்றவற்றுக்குத் தடை. முன்பே நடப்பவை தொடரலாம். மண்டலத்துக்குள் யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார், கூலி என்ன என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் வேலை இல்லை. அதை எழுதிக் காட்ட வேறு யாராவது வேண்டும்.

எழுதியதைக் கொண்டுபோக இடமும் இருக்கிறது. மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் நாள் நடக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மாணவர்கள் அளந்த உப்புக் கணக்கை இரண்டு பக்கத் தாளாக, பெரிய எழுத்தில், தமிழில், அந்த நாளுக்கு முன் ஊருக்குக் கொடுத்தால் தீர்மானத்தில் ஏறும். நிலம் இல்லாதவர்கள் குறைதீர் நாளுக்குப் போவது குறைவு, கிராம சபைக்கு வரலாம். அதனால் எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் நீதிக் கேள்விதான்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல், நாள்காட்டி. கடைமடைக் கிணறுகளில் உப்பு ஏறி நிற்பது ஏப்ரல், மே மாதங்களில். ஆறு காய்ந்து, மேட்டூர் திறக்காத நேரம். கல்லூரியில் அப்போது செமஸ்டர் தேர்வு, பிறகு விடுமுறை. தண்ணீர் வந்து வகுப்பு தொடங்கிய பிறகு பஸ் ஏறிப் போய் அளந்தால் உப்பு குறைவாகவே காட்டும். தலைஞாயிறு பக்கத்து மாணவியோ அந்த இரண்டு மாதமும் ஊரிலேயே இருக்கிறாள். தினம் காலையில் குடத்தோடு அந்தத் தண்ணீருக்குத்தான் போகிறாள். விடுமுறைக்குக் கிளம்பும்போது துறையின் இ.சி. மீட்டரையும் ஒரு நோட்டையும் அவள் பையில் போட்டு அனுப்ப, கல்லூரி கையெழுத்துப் போட வேண்டியது ஒரு கருவிப் பதிவேட்டில் மட்டும்தான்.